பணியார எழுத்தில் அப்பன் பேர்

கொட்டாம்பட்டி
14-7-1936

மதுரை அச்சாபீஸ் முதலாளி காசிமாயன் அவர்களுக்கு முத்திருளன் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். உங்கள் நலத்தை அறிய எனக்கு இப்போது ஆவல் இல்லை. 'மச்சான்' என்று எழுதவும் கை வரவில்லை. என் அக்காள் ரெங்கம்மாளைக் கட்டியவர் என்ற ஒன்றுக்காக மட்டும் 'நீங்கள்' என்று எழுதுகிறேன்.

முந்தாநாள் அப்பாவின் கருமாதி. சடங்கு முடிந்து சாப்பிட்ட கையோடு அக்காளையும் கூட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டீர்கள். சாயங்காலம் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. சொல்கிறேன், கேளுங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சுற்றுவட்டாரத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கக்கத்தில் சுருட்டிய பாய், இடுப்பில் பிள்ளை, முந்தானையில் வறுத்த கடலை. துக்கம் கேட்க வருகிறவன் கடலை கட்டிக்கொண்டு வருவானா? ஒருத்தன் நேரே மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் போய், "ஆத்தா, நாடகம் எங்கனக்குள்ள? பபூன் மொக்கையன் வந்துட்டாப்லயா?" என்று கேட்டான். அவன் கேட்டது என் அம்மா அழகம்மாளிடம். செத்துப்போன மொக்கையனின் பெண்டாட்டியிடம்.

அவன் மேல் தப்பில்லை. நீங்கள் அடித்து ஒட்டிய கருமாதி நோட்டீஸ் மேலூரிலிருந்து எங்கள் ஊர் வரை ஒரு சுவர் விடாமல் இருக்கிறது. 'மொக்கையன்' என்று அரைச்சாண் உயரத்துக்குப் பணியார எழுத்து, அதுவும் சிவப்பு மையில். பக்கத்திலேயே போன மாசம் ஒட்டிய சிரிப்பு நாடக நோட்டீஸ், அதே எழுத்தில். கீழே பொடி எழுத்தில் 'சிவலோக பதவி' என்று போட்டதை எவன் படித்தான்?

அப்பா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்த் தண்ணீர்ப் பங்குக்கு வெட்டுக்குத்து வந்தால் அவர் வரப்பில் போய் நின்றால் போதும், தூக்கிய அரிவாள் இறங்கிவிடும். ஊரில் ஒருத்தரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளை நானே அவர் பல்லைப் பார்த்தது அவர் செத்த அன்றைக்குத்தான். அந்த மனுஷன் பேர் இப்போது தொந்தியும் தொப்பையுமாகச் சுவரில் உட்கார்ந்து இளிக்கிறது.

அந்த எழுத்தைச் செதுக்கியவன் நான். அம்மா குழிச்சட்டியில் சுடும் பணியாரம் மாதிரி, மூலை முடுக்கு இல்லாமல் எங்கே தொட்டாலும் உப்பலாக வரவேண்டும் என்று வெட்பாலைக் கட்டையில் ஒவ்வொன்றாகக் குடைந்தேன். சோடா கம்பெனிக்கும் சர்க்கஸுக்கும் மிட்டாய்க் கடைக்கும் பபூன் நாடகத்துக்கும் செய்த எழுத்து அது. எந்தப் பேரைப் போட்டாலும் சிரிப்பு வரும். உங்களுக்குத் தெரியாதா? வருகிற வாடிக்கைக்காரரிடமெல்லாம், "இந்த எழுத்துல போட்டா எழவு வீடு கூடச் சிரிக்கும்ணே" என்று பீற்றிக்கொண்டவர் நீங்கள்தானே? சொன்னதைச் செய்து காட்டிவிட்டீர்கள்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்தேன். நீங்கள் அச்சாபீஸுக்கு இன்னும் வரவில்லை. பணியார எழுத்துப் பெட்டியிலிருந்து 'ம' நாலையும் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். அது என் அப்பன் பேரின் முதல் எழுத்து. இனி அது உங்கள் மிஷினில் ஏறாது. உங்களிடம் வேலைக்கும் வரமாட்டேன், உங்கள் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன்.

முத்திருளன்

~

மதுரை
20-7-1936

மாப்பிள்ளை முத்திருளனுக்குக் காசிமாயன் எழுதுவது.

உன் கடிதத்தைக் கண்டதும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். உன் அக்காள் படித்துக் காட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காகக் கடைசி வரி வரை படித்தேன்.

யாரிடம் பேசுகிறாய் என்று தெரிந்து பேசு. ஊரில் எந்தப் பெரிய மனுஷன் செத்தாலும் உள்ளங்கை அகலக் காகிதத்தில் கறுப்புக் கோடு போட்டு நாலு பேருக்குத் தபாலில் போகும். என் மாமாவுக்கு மேலூர் ரோடு முழுக்க வால்போஸ்டர்! என் அச்சாபீஸில் ஆகப் பெரிய எழுத்து எதுவோ, ஆக நல்ல எழுத்து எதுவோ, அதில் போட்டேன். அவர் பெற்ற மகன் கையால் குடைந்த எழுத்து என்பதால் போட்டேன். நீங்கள் எல்லோரும் அவருக்குக் கோடித்துணி போட்டீர்கள். நான் என் தொழிலில் கோடி போட்டேன். அதில் என்ன குற்றம் கண்டாய்?

நாட்டுப்புறத்தான் நாலு பேர் சிரித்தால் சிரித்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு என் பெட்டியில் கை வைப்பதா? கட்டை நான் வாங்கிப் போட்டது. நிழலில் உட்கார்ந்து நீ குடைந்தாய், அம்புட்டுத்தான். 'ம' இல்லாமல் மதுரையில் ஒருத்தன் அச்சாபீஸ் நடத்த முடியுமா? சர்க்கஸ்காரன் கூடாரம் அடித்துவிட்டு நோட்டீஸ் எங்கே என்று ஆள் மேல் ஆள் விடுகிறான்.

இன்னொன்று. உன் அக்காளுக்கு இது அஞ்சாம் மாசம். இரண்டு பெண்ணுக்கு அப்புறம் இதாவது ஆணாகப் பிறக்கும் என்று இருக்கிறோம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் இருந்தும் மடி இல்லை என்றால் அது நாதியற்ற பிள்ளை என்று பேராகிவிடும். ரெங்கம்மாளுக்கு உடன்பிறந்தவன் நீ ஒருத்தன். வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ எழுதியதை நான் வாய்விட்டுப் படித்தேன், அவள் காதால் கேட்டாள். அன்றைக்கு அவள் சோறு தொடவில்லை.

எழுத்தைக் கொண்டுவந்து வை. இல்லாவிட்டால் நீ மிதிக்க மாட்டேன் என்ற வாசலை நானே அடைப்பேன்.

காசிமாயன்

~

கொட்டாம்பட்டி
8-8-1936

காசிமாயன் அவர்களுக்கு,

சர்க்கஸ் நோட்டீஸ் பார்த்தேன். எங்கள் ஊர் பஸ்ஸின் முதுகிலேயே ஒட்டியிருந்தது. 'மதுரை' என்பதில் 'துரை' கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்க, முன்னால் 'ம' மட்டும் வேறு பெட்டியிலிருந்து எடுத்த ஒல்லி எழுத்து. பந்தியில் பயில்வான்களுக்கு நடுவே பஞ்சத்தில் அடிபட்டவன் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள், "மானாவுக்குக் காச்சல் போலருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறைப்பானேன், வயிறு குளிர்ந்தது.

மரியாதை செய்தேன் என்கிறீர். (இனி 'நீர்' போதும்.) எந்தக் காரியத்துக்கு எந்த எழுத்து என்று தெரியாதவரா நீர்? கல்யாணத்துக்குக் கொடி எழுத்து, கோர்ட்டுக்குக் கட்டம் போட்ட எழுத்து, சாவுக்குக் கறுப்பு எழுத்து என்று என்னை அதட்டி அதட்டிப் பழக்கியவர் நீர்தான். பெரியது எல்லாம் மரியாதை என்று நினைத்துவிட்டீர். பிணத்துக்கு முன்னால் யானையைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் பிணத்தையா பார்க்கும், யானையையா பார்க்கும்?

கட்டை உம்முடையது என்கிறீர். சரி. கட்டையைத் திருப்பித் தருகிறேன், அதன் மேல் இருக்கிற 'ம'வைச் சீவி எடுத்துவிட்டு. சம்மதமா?

அக்காள் சாப்பிட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுதும். கோபம் உம்மோடுதான், அவளோடு இல்லை.

முத்திருளன்

~

மதுரை
16-9-1936

அடே முத்திருளா,

உனக்கு இனி மாப்பிள்ளை என்று எழுதினால் என் பேனா ஒடிந்துபோகட்டும்.

திங்கட்கிழமை காலை கோச்சடை வீட்டிலிருந்து அச்சாபீஸுக்கு வண்டியில் வருகிறேன். ஆற்றங்கரைச் சுவரில் ஒரு நோட்டீஸ். சிம்மக்கல்லில் ஒன்று. ரயிலடியில் வரிசையாக ஏழெட்டு. எல்லாம் பணியார எழுத்து, எல்லாம் பச்சை மை. என்ன நாடகம், எந்தக் கொட்டகை, எத்தனை மணிக்கு, ஒரு விவரமும் கிடையாது. 'காசிமாயன்' என்று என் பேர் மட்டும். வெறும் பேர்!

காய்கறிக்காரி மாயக்காள் தெருவில் நிறுத்தி, "என்னண்ணே, பபூன் வேசம் கட்டப் போறீகளாம்ல?" என்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கன்னத்தை உப்பிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடுகிறார்கள். ஜில்லா போர்டு மெம்பர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். இன்னும் வரவில்லை.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'மா'வில் இருக்கிற 'ம' என் பெட்டியில் இருந்தது. அதன் வலது தோளில் நீ உளி வழுக்கிவிட்ட கீறல் உண்டு. அது அச்சில் அப்படியே விழுந்திருக்கிறது. மற்ற எழுத்துக்களைப் புதிதாகக் குடைந்து, என் தொழிலைக் கெடுக்கக் காத்திருக்கிற ஒருத்தன் மிஷினில் அடித்திருக்கிறாய். இருபது வருஷமாக நிமிர்ந்து நடந்த தெருவில் என்னைத் தலை குனிய வைத்துவிட்டாய்.

கேட்டுக்கொள். பிறக்கப்போகும் என் பிள்ளைக்குத் தாய்மாமன் கிடையாது. காது குத்தாமல் மூளிக் காதோடு வளர்ந்தாலும் வளரட்டும், உன் மடியில் உட்காராது. உன் அக்காளும் இனி கொட்டாம்பட்டிப் பக்கம் தலை வைக்க மாட்டாள்.

காசிமாயன்

~

கொட்டாம்பட்டி
12-10-1936

காசிமாயருக்கு,

உடனே பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வைத்துவிட்டீர்.

முதலில் நோட்டீஸ் விஷயம். ஆமாம், நான்தான். சிரித்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டியதுதானே? எனக்குச் சொன்ன யோசனையை நீர் செய்து பார்த்தீரா? உயிரோடு இருக்கிற உமக்கே இப்படி எரிகிறது. திரும்பிக் கேட்க வாயில்லாத மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்காவது நினைத்தீரா என்பதுதான் என் கேள்வி. அதற்கு நீர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது, சோறு. அக்காளுக்கு எட்டாம் மாசம் என்று அம்மா கட்டுச்சோறு கட்டினாள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, மேலே ஒரு தூக்குப் பணியாரம். தாலி இழந்தவள் தான் வரக்கூடாது என்று, பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் கொடுத்து அனுப்பினாள். அதை நீர் வாசலிலேயே மறித்து, "கொட்டாம்பட்டிச் சோறு எங்க வீட்டு நாய்க்குக் கூட வேணாம்" என்று திருப்பி அனுப்பினீராம். அக்காள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாளாம்.

என்னைத் திட்டியிருந்தால் நான் சும்மா இருப்பேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்த சோற்றைத் திருப்புகிறவன் மனுஷன் இல்லை. அம்மா அந்தப் பணியாரத்தைக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து மீனுக்குப் பிட்டுப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறக்க மாட்டேன்.

முத்திருளன்

~

மதுரை
15-10-1936

முத்திருளனுக்கு,

திருப்பினேன். மறுபடி அனுப்பினால் மறுபடியும் திருப்புவேன். உங்கள் பணியாரத்தில் ஒன்று என் தெருவெங்கும் ஒட்டியிருக்கிறது, அதையே இன்னும் சுரண்டி முடியவில்லை.

காசிமாயன்

~

கொட்டாம்பட்டி
2-12-1936

காசிமாயருக்கு,

என் அக்காளுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. இது எனக்கு யார் சொல்லித் தெரிந்தது தெரியுமா? பஸ் கண்டக்டர் காளை. "என்ன மாப்ள, மருமகன் பொறந்து வாரமாச்சாம்ல, ஒரு முட்டாய் கூடக் கண்ணுல காமிக்கல?" என்றான். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. தெரியும் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் போய் ஒரு பழஞ்சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள், பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஆகும் என்று. அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருக்கிறாள்.

'ம' நாலும் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

முத்திருளன்

~

மதுரை
27-9-1937

கொட்டாம்பட்டி முத்திருளனுக்கு,

இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. என் கை எழுதுகிறது, எழுத வைப்பவள் உன் அக்காள். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இதை எழுதி முடித்து நான் வாசித்துக் காட்டாமல் இன்றைக்கு அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் பசி என்று அழுகிறார்கள். எனக்கும் பசி.

ஐப்பசியில் பையனுக்குக் காது குத்தியாக வேண்டும், பதினோராம் மாசம். அதைத் தாண்டினால் மூணாவது வருஷம்தான். ஆசாரியை வைத்து நாமே குத்திவிடுவோம் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதச் சொல்கிறாள்: "என் தம்பி மடியில உக்காத்தாம எம்புள்ள காதுல ஊசி பட்டுச்சு, அன்னைக்கே புள்ளயத் தூக்கிக்கிட்டு வைகையாத்தப் பாக்கப் போயிருவேன்." செய்கிறவள்தான். உங்கள் அப்பன் ரத்தம்.

பேர் விஷயமும் உனக்குத் தெரியாது. முதல் ஆணுக்கு என் தகப்பனார் பேர் வைப்பதுதான் எங்கள் வழக்கம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டிலில் போட்ட அன்றைக்கே பிள்ளை காதில் மூணு தரம் 'மொக்கையன்' என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு மேலூர் ரோடு ஞாபகம் வருகிறது. ஆனாலும் பையனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறான்.

காதுகுத்து நோட்டீஸுக்குக் கல்யாண எழுத்து, கொடி போட்டது, எடுத்து வைத்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்று. அதற்கும் குறுக்கே நின்றாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் அச்சைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஒட்டடைக்குச்சி எழுத்து வேணாம். என் தம்பி எழுத்துல போடுங்க" என்கிறாள். அதே பேரா, அதே எழுத்தா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, ஊர் மறுபடி சிரிக்குமே என்று கத்தினேன். அவள் சொன்னாள்:

"எங்கப்பன் பேரப் பாத்து ஊரு சிரிச்சுச்சு. சிரிச்ச வாய நீங்களும் அடைக்கல, அவனும் அடைக்கல, ஆளுக்கொரு பக்கமா மல்லுக்குத்தான் நின்னீக. இப்பயும் சிரிக்கட்டும். எம்புள்ளயப் பாத்துச் சிரிக்கட்டும். புள்ள பேரப் பாத்தா சிரிப்பு வரணும், அதுக்குத்தான புள்ள."

நான் கொடி எழுத்தைப் பெட்டியில் திருப்பிப் போட்டேன். பதில் இருந்தால் நீ சொல்லு.

'ம' வேண்டும். நீயும் வேண்டுமாம், அவளுக்கு. எனக்கு 'ம' மட்டும் போதும்.

காசிமாயன்

~

கொட்டாம்பட்டி
6-10-1937

காசிமாயருக்கு,

கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அக்காள் சொன்னது எனக்கும் சுட்டது. நாலு எழுத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிள்ளைக்கு அப்பா பேர் என்று கேட்டதும், "மொக்கையன்னா வச்சிருக்கா? மொக்கையன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, எழுந்து போய் அரிசி ஊறப்போட்டாள். பணியாரத்துக்கு. போன வருஷம் மீனுக்குப் போட்ட பிறகு அந்தச் சட்டியை அவள் தொடவே இல்லை.

ஆகவே வருகிறேன். உமக்காக அல்ல. என் நிபந்தனைகளைக் கேளும்.

பையன் பேர் மட்டும்தான் பணியார எழுத்தில் இருக்க வேண்டும். தாய்மாமன் என்று என் பேர் போட்டால் கீழே பொடி எழுத்தில் போடும். உம்மை நான் அறிவேன், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அம்மா என்னோடு வருவாள், அவள் கொண்டுவருகிற தூக்கு வாசலில் நிற்கக்கூடாது, அடுப்படி வரை போக வேண்டும். கோயிலில் நான் கிழக்கே பார்த்து உட்காருவேன். பிள்ளையை அக்காள் கொண்டுவந்து மடியில் வைக்கட்டும். நீர் எதிரே நிற்க வேண்டாம். உம் முகத்தைப் பார்த்தால் நான் எழுந்துவிடக்கூடும்.

காளையிடம் 'ம' மூன்று கொடுத்து அனுப்புகிறேன். நாலாவது என் மடியில் இருக்கும். சொன்னபடி நடந்தீர் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கைக்கு வரும்.

முத்திருளன்

~

கொட்டாம்பட்டி
1-11-1937

காசிமாயருக்கு,

நேற்றுக் காதுகுத்தில் ஒரே கோயில் கொட்டகையில் பகல் முழுக்க இருந்தும் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதை எழுதுகிறேன்.

நீர் திருந்தவில்லை. அம்மாவைக் கைப்பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கி நிமிர்கிறேன், எதிர்ச் சுவரில் 'மொக்கையன்' என்று முழுச் சுவருக்கும் சிவப்பு. அதற்குக் கீழே, அதே எழுத்தில், அதே சிவப்பில், 'தாய்மாமன் முத்திருளன்'. மூணு 'ம'வையும் கணக்காகச் செலவழித்துவிட்டீர். என் பேர் தொந்தி சரிய உட்கார்ந்து என்னையே பார்த்து இளித்தது. பட்டாணி விற்கிறவன் ஒருத்தன் நோட்டீஸைப் பார்த்தான், என் கையிலிருந்த சீர்த்தட்டைப் பார்த்தான். "நீங்கதான் அந்த மாமனாண்ணே? பபூன் மாமன்?" என்றான்.

திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு உருண்டைகளை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும், கருமாதிக்கு அப்புறம். நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பட்டாணிக்காரனிடம், "எம் பேரன் பேருய்யா. பேரன் பேரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். ரோட்டில் போனவர்கள் நாலு பேர் நின்று சிரித்தார்கள். பிறகு அவன் என்னைப் பார்த்தான், பதிலுக்கு.

"ஆமா, நாந்தான்" என்றேன்.

பேரை வைத்து நீர் பழி தீர்த்துக்கொண்டீர். இதை ஞாபகத்தில் வைத்திருப்பேன். தூக்கு அடுப்படி வரை போனது, அதையும் வைத்திருப்பேன்.

நாலாவது 'ம' உம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நீர் கேட்கலாம். நான் தரவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் பையன் வீறிட்டான். பொறுக்க முடியவில்லை, அவனுக்கு அல்ல, எனக்கு. கைக்கு அகப்பட்டதை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பிடுங்க யாராலும் முடியவில்லை. அவனைச் சொல்லும், அவன் கொண்டுவந்தது.

முத்திருளன்

~

மதுரை
19-11-1937

முத்திருளனுக்கு,

அந்த நாலாவது 'ம'வைப் பற்றித்தான் எழுதுகிறேன். சோடா கம்பெனிக்கு நோட்டீஸ் அடித்தோம். அடித்து எடுத்தால் 'மதுரை'யின் 'ம'வில் வயிற்றுக்கு மேலே இரண்டு வெள்ளைப் புள்ளி. மை போதவில்லை என்று எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரை வைதேன். மறுபடி மை தடவி அடித்தேன், மறுபடி இரண்டு வெள்ளை. கட்டையைக் கழுவி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், பல்! உன் மருமகனின் மேல்பல் இரண்டும் காதில் ஊசி இறங்கிய நேரத்தில் கட்டையில் இறங்கியிருக்கின்றன. நீ குடைந்த கட்டை இப்போது இளித்தவாய்க் கட்டை.

சோடாக்காரர் புள்ளி என்ன என்று கேட்கிறார். சோடா நுரை என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரிடமும் அப்படிச் சொல்ல முடியாது. தெப்பத் திருவிழா வருகிறது, சர்க்கஸ் வருகிறது. நல்ல எழுத்தைத் திருடிக்கொண்டுபோய், பிள்ளை கையில் கொடுத்துக் கெடுத்தவன் நீ. ஆகவே புதிதாக ஒரு 'ம' செதுக்கித் தரவேண்டியது உன் பொறுப்பு. அங்கே உட்கார்ந்து செய்தாலும் சரி, இங்கே வந்து உன் பழைய இடத்தில் உட்கார்ந்து செய்தாலும் சரி. கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் உளிகள் மூலையில் கிடந்து துருப்பிடிக்கின்றன, அதற்காகச் சொன்னேன்.

காசிமாயன்

~

கொட்டாம்பட்டி
24-11-1937

மச்சானுக்கு,

வேறு 'ம' செதுக்க மாட்டேன். அதை அரம் போட்டுத் தேய்க்கவும் கூடாது. தேய்த்தீர் என்று தெரிந்தால் மறுபடி நாலையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். சர்க்கஸோ சோடாவோ, அப்படியே அடியும்.

என் அப்பன் மொக்கையன் பல்லை ஊர் பார்த்ததே இல்லை. இந்த மொக்கையன் பல்லைச் சுவருக்குச் சுவர் பார்க்கட்டும்.

முத்திருளன்